பஃபரும் ஸ்பிரிங்கும்: தோளுக்கா, போல்ட்டுக்கா?

ஏஆர்-15 ரைஃபிளின் தோள்கட்டைக்குள் ஒரு குழாய் இருக்கும். அதற்குள் நீளமான ஒரு ஸ்பிரிங், ஸ்பிரிங்கின் முனையில் பஃபர் என்ற உருளை. இந்த ஜோடியை வீட்டுப் பட்டறையிலேயே செய்துகொள்ளலாமா என்று, அமெரிக்காவில் குறிபார்த்துச் சுடும் போட்டிகளுக்குப் போகும் நம்மவர்கள் சிலர் கேட்டிருந்தார்கள். அவர்கள் கேள்விகளும் என் பதில்களும்:

கேள்வி: அண்ணா, கனமான பஃபர் போட்டால் தோளில் விழும் உதை குறையுமா?

பதில்: எல்லாரும் இதற்காகத்தான் பஃபரைத் தேடுகிறார்கள், அங்கேதான் சிக்கலே. குண்டும் வெடிவாயுவும் முன்னே எவ்வளவு உந்தத்தோடு போகிறதோ, அதே அளவு பின்னே வந்தே தீரும். அந்தக் கணக்கில் பஃபர் ஒரு பைசா தள்ளுபடி வாங்கித் தராது. அடியைக் கொஞ்சம் நேரம் பரப்பிக் கொடுக்கும், அதனால் 'வெடுக்' என்றில்லாமல் தள்ளுவதுபோல் தோன்றலாம், அவ்வளவுதான். அதன் நிஜ வேலை, போல்ட் கேரியர் (தோட்டாவுக்குப் பின்னால் கதவுபோல் மூடும் போல்ட்டைச் சுமந்து முன்னும் பின்னும் ஓடும் பாகம்) எப்போது, எவ்வளவு வேகமாக நகர வேண்டும் என்பதைக் கட்டுப்படுத்துவது.

கேள்வி: கேரியர் சீக்கிரம் நகர்ந்தால் என்ன கெட்டுவிடும்?

பதில்: சுட்டதும் குழலிலிருந்து கொஞ்சம் வாயு திரும்பி வந்து கேரியரைப் பின்னே தள்ளும். போல்ட் சுழன்று பூட்டு அவிழும், தோட்டாவின் காலி உறை வெளியே வரும். குழலில் அழுத்தம் தணியும் முன்பே இது நடந்தால், உறை, தான் உட்கார்ந்திருக்கும் தோட்டா அறையின் சுவரை இன்னும் இறுகப் பிடித்துக்கொண்டிருக்கும், போல்ட்டின் கொக்கியோ இழுத்துக்கொண்டிருக்கும். கீழே விழுந்த உறையை எடுத்து அடி விளிம்பைப் பாருங்கள். கொக்கி பிடித்த இடத்தில் மட்டும் வளைந்தோ பிய்ந்தோ இருந்தால், கேரியர் அவசரப்படுகிறது என்று சந்தேகப்படலாம்.

கேள்வி: சார், என் பஃபரை ஆட்டினால் உள்ளே கடகடக்கிறது. பழுதா?

பதில்: பழுதில்லை, அப்படித்தான் இருக்க வேண்டும். கார்பைன் (குட்டையான ரைஃபிள்) பஃபருக்குள் முன்னும் பின்னும் நகரும் மூன்று எடைகள் இருக்கின்றன. மூன்றும் எஃகு என்றால் மொத்தம் சுமார் 85 கிராம். ஒன்றை டங்ஸ்டனாக்கினால் அந்தப் பஃபருக்குப் பெயர் எச், இரண்டு என்றால் எச்2, மூன்றும் என்றால் எச்3. எஃகைவிட டங்ஸ்டன் ஏறக்குறைய இரண்டரை மடங்கு அடர்த்தி என்பதால், உருளையின் அளவு மாறாமலே எடை ஏறுகிறது.

கேரியர் முன்னே போய் மோதியதும் துள்ளித் திரும்பப் பார்க்கும். பின்தங்கி வந்த எடைகள் அந்த நேரத்தில் மோதி அதை அமுக்கிவிடும். வியட்நாமில் எம்16-க்கு (ஏஆர்-15-இன் ராணுவ வடிவம்) உருண்டை வடிவ வெடிமருந்து போட ஆரம்பித்தபோது அடுத்தடுத்துச் சுடும் வேகம் ஏறிப்போய்த் தொல்லை கொடுத்தது. அதற்குச் செய்த மாற்றங்களில் ஒன்று, உள்ளே எடைகள் நகரும் இந்தக் கனமான பஃபர். லேத்தில் கடைந்த கெட்டி உருளை, எடையில் கிராம் பிசகாமல் இருந்தாலும், இந்த வேலையைச் செய்யாது.

கேள்வி: கடையில் கிடைக்கும் ஸ்பிரிங்கை அளவுக்கு வெட்டிப் போட்டால்?

பதில்: சுற்றைக் குறைத்தால் ஸ்பிரிங் இளகும் என்று பலர் நினைக்கிறார்கள். உண்மையில் விறைக்கும். ஆனால் நீளம் குறைவதால், போல்ட் மூடியிருக்கும் நிலையில் அதன் அழுத்தம் தளர்ந்துவிடும். இரண்டும் சேர்ந்து கேரியரின் ஓட்டமே மாறிவிடும். கம்பியின் தடிமன் இன்னும் பொல்லாதது: விறைப்பு தடிமனின் நான்காம் அடுக்கில் ஏறும். கம்பி 5 சதவீதம் தடித்தால் விறைப்பு 21 சதவீதத்துக்கு மேல் கூடும். சுற்றிய பிறகு சூடாக்கிக் கம்பிக்குள் தங்கிய இறுக்கத்தை நீக்கவில்லை என்றால் கொஞ்ச நாளில் குறுகிப்போகும். ராணுவ அளவு ஸ்பிரிங் கார்பைனுக்கு 37 முதல் 39 சுற்று, முழுநீள ரைஃபிளுக்கு 41 முதல் 43. விலை அதிகமில்லை. வாங்கிப் போடுங்கள்.

கேள்வி: ஊரில் இருக்கும் என் மாமாவிடம் லைசென்ஸ் துப்பாக்கி இருக்கிறது. அவர் பாகம் செய்து பார்க்கலாமா?

பதில்: வேண்டாம். இந்தியாவின் 1959 ஆயுதச் சட்டத்தில் 'ஆயுதம்' என்றால் அதன் பாகங்களும் சேர்த்தி. வைத்திருக்கும் லைசென்ஸ் வேறு, தயாரிக்கும் லைசென்ஸ் வேறு.

கேள்வி: பீரங்கியில் மட்டும் எப்படி உதையை விழுங்குகிறார்கள்?

பதில்: அங்கே குழலே தனியாகப் பின்னே சறுக்கும். பிரான்சின் 1897-ஆம் ஆண்டு 75 மி.மீ. பீரங்கியில் குழல் ஒரு மீட்டருக்கு மேல் பின்வாங்கும். எண்ணெய் சின்னத் துளை வழியே பிதுங்கி வேகத்தை வெப்பமாக மாற்றும், அழுத்திய காற்று குழலைத் திரும்பத் தள்ளும். வண்டி நின்ற இடத்தில் நிற்பதால் ஒவ்வொரு முறையும் புதிதாகக் குறிவைக்க வேண்டியதில்லை. நம் ரைஃபிளில் குழலும் கட்டையும் ஒன்றோடொன்று இறுகியிருக்கின்றன. சறுக்க வழியில்லை.

கேள்வி: எச்2 போட்டதிலிருந்து, கடைசித் தோட்டா தீர்ந்ததும் போல்ட் பின்னால் நிற்க மாட்டேன் என்கிறது.

பதில்: மேகசின் (தோட்டாப் பெட்டி) நன்றாக இருந்தால், கேரியர் முழுதாகப் பின்னே போகவில்லை என்று அர்த்தம். உங்கள் வாயு அளவுக்கு அந்த எடை அதிகம். எச்-க்கு இறங்குங்கள். அப்போதும் நிற்கவில்லை என்றால் பழைய 85 கிராமையே போட்டுவிட்டு, வாயுக் குழாயில் கசிவு இருக்கிறதா என்று ஒரு துப்பாக்கி மெக்கானிக்கிடம் காட்டுங்கள்.