பக்கவாட்டு மோதல் சோதனையில் வைக்கும் டம்மி நிஜ மனிதனைப் போலவே அடிபடுமா?

கார் வாங்க ஷோரூம் ஷோரூமாக ஏறி இறங்குகிறீர்கள் போல. மற்றபடி இந்தக் கேள்வி யாருக்கும் வராது. சென்னைக்கு வெளியே ஒரு சோதனைக்கூடத்தில் நாலு வருஷம் டெக்னீஷியனாக இருந்தேன். டிப்ளமோதான், டிசைன் எஞ்சினியர்கள் கமெண்ட்டில் வந்து பாடம் எடுக்க வேண்டாம். ஆனால் டம்மியை, அதாவது மோதல் சோதனைக்கான மனித உருவப் பொம்மையை, தூக்கிச் சீட்டில் உட்கார வைத்தவர்களில் நானும் ஒருவன்.

எங்களிடம் இருந்தது ஈஎஸ்-2 என்ற பக்கவாட்டு மோதல் டம்மி. ஆண் உருவம், சுமார் 72 கிலோ, முழங்கைக்குக் கீழே கை கிடையாது. மார்பில் மூன்று விலா, ஒவ்வொன்றும் பிஸ்டன் மாதிரி நேர் பக்கவாட்டில் மட்டும் உள்ளே போய் வரும். அவ்வப்போது விலாவைக் கழற்றி, மேலே எடையை விழவைத்து, சரியாக அமுங்குகிறதா என்று பார்ப்போம். எங்கே போய் இடித்தது என்று தெரிவதற்காகத் தலையில் வண்ணம் பூசுவோம். சட்டப்படி விலா 42 மில்லிமீட்டருக்கு மேல் அமுங்கக் கூடாது, வயிற்றில் விசை 2.5 கிலோநியூட்டனைத் தாண்டக் கூடாது. இந்த எண்களை வேத வாக்காக நம்பியவன் நான், என் மேலேயே ஒரு வண்டி மோதும் வரைக்கும்.

திண்டிவனம் தாண்டி ஒரு குறுக்குச் சாலை. மச்சான் ஓட்டினார், நான் முன் சீட்டில் இடப்பக்கம். பெல்ட் போட்டிருந்தேன், அதையும் சொல்லிவிடுகிறேன். பின்னாலிருந்து மகள் தண்ணீர் கேட்டாள். பாட்டிலை நீட்டத் திரும்பின நேரத்தில் ஒரு மினி லாரி என் கதவில் வந்து இடித்தது. நாலு விலா முறிந்தது, எல்லாமே முதுகுப் பக்கமாக. மண்ணீரலில் கிழிசல். அது ஸ்கேனில்தான் தெரிந்தது, அதுவரை நின்றுகொண்டு போனில் பேசிக்கொண்டிருந்தேன்.

படுக்கையில் வேறு வேலை இல்லாமல் இதையேதான் யோசித்தேன். எங்கள் டம்மி அங்கே இருந்திருந்தால் விறைப்பாக ரோட்டைப் பார்த்தபடி உட்கார்ந்திருக்கும். எனக்கு இடி சாய்வாக விழுந்தது, அதை அந்தப் பிஸ்டன் விலா முழுசாகக் காட்டியிருக்காது. வயிற்றுக்கு ஒரு விசை எண் வந்திருக்கும், அவ்வளவுதான். கிழிய அதற்கு மண்ணீரல் இல்லை. போதாக்குறைக்கு, 2017 முதல் நம் நாட்டில் கட்டாயமான அந்தச் சோதனையில் மோதுவது 950 கிலோ தள்ளுவண்டி, 50 கி.மீ. வேகத்தில், டிரைவர் பக்கமாக. டிரைவர் சீட்டில் மட்டும் ஒரு டம்மி இருக்கும். நான் உட்கார்ந்திருந்த பக்கம் கணக்கிலேயே இல்லை.

டம்மி வீண் என்று நான் சொல்லவில்லை, அப்படித் திரித்து ஸ்கிரீன்ஷாட் போடாதீர்கள். இறந்தவர்களின் உடல்களை வைத்துச் செய்த சோதனைகளோடு ஒப்பிட்டு டம்மிக்குப் பத்துக்கு மார்க் போடும் ஐஎஸ்ஓ முறை ஒன்று இருக்கிறது. அமெரிக்காவின் பழைய டம்மியான எஸ்ஐடிக்கு 2.3, எங்கள் ஈஎஸ்-2க்கு 4.6, பிறகு வந்த வேர்ல்டுஎஸ்ஐடி டம்மிக்கு 8. கடைசியாகச் சொன்னதன் விலா நிக்கல்-டைட்டானியக் கலவை, நன்றாக வளைந்து பழையபடி திரும்பும். ஐரோப்பாவில் கார்களுக்குப் பாதுகாப்பு ஸ்டார் கொடுக்கும் யூரோ என்கேப் அமைப்பு 2015லிருந்து அதைத்தான் வைக்கிறது. அமெரிக்காவில் இன்சூரன்ஸ் கம்பெனிகள் நடத்தும் சோதனை அமைப்பான ஐஐஎச்எஸ் 2003லிருந்தே ஒல்லியான, குட்டையான பெண் உருவ டம்மியை உட்கார வைக்கிறது. என் மனைவி அந்த உயரம்தான்.

இன்னொன்றையும் இங்கே கொட்டிவிடுகிறேன். சூடு மாறினால் ரப்பர், நுரையின் விறைப்பு மாறிவிடும் என்று டம்மிக்கு 22 டிகிரி வாக்கில் ராத்திரி பகலாக ஏசி ஓடும். காண்ட்ராக்ட் ஆட்கள் நாங்கள் மே மாதத்திலும் தகரக் கொட்டகையில் சாப்பிடுவோம். ஒரு ஃபேன் கேட்டு ஒன்றரை வருஷம் மனு எழுதினேன். விபத்துக்கு ரெண்டு மாசம் லீவு எடுத்தேன், காண்ட்ராக்டைப் புதுப்பிக்கவில்லை. டம்மிக்கு விலா போனால் ஸ்பேர் வரும்வரை காத்திருப்பார்கள்.

சரி, எங்கேயோ போய்விட்டேன். பக்கவாட்டு ஏர்பேக்கும், ஜன்னல் ஓரமாகத் திரைபோல் விரியும் கர்ட்டன் ஏர்பேக்கும் உள்ள வேரியன்ட்டா என்று கேட்டு வாங்குங்கள். அப்படியே, ஸ்டார் வாங்கியபோது எந்த டம்மியை வைத்து எந்தப் பக்கம் இடித்தார்கள் என்றும் சேல்ஸ்மேனிடம் கேளுங்கள். முழிப்பார்.