புறாவின் கழுத்து ஏன் சேறாகிறது?

தண்டையார்பேட்டையிலிருந்து ஒரு வாசகர் கேட்டிருக்கிறார்: "பக்கத்து மாடியில் ஒரு அண்ணன் ஹோமர் புறா (எங்கே விட்டாலும் கூட்டுக்குத் திரும்பும் பந்தயப் புறா) வளர்க்கிறார். அதில் ஒன்றை ஏ4 டிராயிங் தாளில் 24 கலர் பேஸ்டல் பென்சிலால் வரைந்தேன். உடம்பு ஓரளவு வந்துவிட்டது. கழுத்தில் பச்சையும் ஊதாவும் சேர்ந்து சேறாகிவிட்டது. மேலே வெள்ளை போட்டால் பிடிக்கவே இல்லை. கண் சட்டை பொத்தான் மாதிரி இருக்கிறது. வேறு பென்சில் வாங்க வேண்டுமா?"

பென்சில் இருக்கட்டும், தாளை மாற்றுங்கள். பேஸ்டல் பென்சிலில் மெழுகு கிடையாது. நிறப்பொடியும் களிமண்ணும் கொஞ்சம் பசையும்தான். அந்தப் பொடி தாளுக்குள் ஊறாது, சொரசொரப்பில் மாட்டிக்கொண்டு நிற்கும். வழவழப்பான தாளில் இரண்டு மூன்று பூச்சிலேயே பள்ளமெல்லாம் நிரம்பிவிடும். அப்புறம் போடுகிற வெள்ளை, கீழே இருப்பதை உழுவதோடு சரி. கையில் காசிருந்தால் பேஸ்டலுக்கென்றே வரும் பேஸ்டல்மேட் தாள் வாங்குங்கள். இல்லையென்றால் கான்சன் கம்பெனியின் மி-டெயின்ட்ஸ் தாள், நடுத்தரச் சாம்பல் நிறத்தில். அதில் தேன்கூடு மாதிரி கோலம் தெரிகிற பக்கம் வேண்டாம், மறுபக்கத்தில் வரையுங்கள். பழகுவதற்கு ஹார்டுவேர் கடையின் நைசான உப்புத்தாளே போதும். பென்சிலைத் தின்னும், ஆனால் எத்தனை பூச்சு வேண்டுமானாலும் தாங்கும்.

இனி கழுத்து. அந்த அண்ணனிடம் கூண்டில் உதிர்ந்து கிடக்கும் கழுத்து இறகு ஒன்று கேட்டு வாங்குங்கள். ஜன்னலோரம் வைத்து மெல்லத் திருப்பிப் பாருங்கள். பச்சையாக இருந்த இடம் ஊதாவாகும், ஊதா பச்சையாகும். அதே இறகை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தால் வெறும் மங்கல் பழுப்பு. அந்தப் பச்சையும் ஊதாவும் இறகில் ஊறிய சாயம் அல்ல. இறகு இழையின் மேலே மிக மெல்லிய படலம் ஒன்று இருக்கிறது. அதில் பட்டுத் திரும்பும் ஒளிதான் அந்த நிறம். தண்ணீரில் சிந்திய டீசலில் வானவில் தெரிகிறதே, அதே சங்கதி.

ஆகவே கழுத்தில் பச்சையும் ஊதாவும் கலந்து கிடக்கவில்லை. ஒவ்வொரு இறகும் அது திரும்பியிருக்கும் கோணத்துக்கு ஏற்ப ஒரு நிறத்தைக் காட்டுகிறது. நீங்கள் விரலால் தேய்த்து இரண்டையும் சேர்த்தீர்கள். பச்சையும் ஊதாவும் சேர்ந்தால் அழுக்குச் சாம்பல்தான் வரும். நானும் இதைச் செய்திருக்கிறேன். முதல் புறாப் படத்தை ராயபுரத்தில் ஒரு புறாக்காரரிடம் பெருமையாகக் காட்டினேன். "இன்னாபா, சேத்துல வுழுந்துச்சா?" என்றார்.

கழுத்து முழுக்க முதலில் கருஞ்சாம்பலும் இண்டிகோ என்கிற கருநீலமும் போடுங்கள். இந்த ஒரு பூச்சை மட்டும் தேய்க்கலாம். பிறகு சின்னச் சின்ன செதில் வடிவமாக, இறகு படியும் திசையில், மேல் கழுத்தில் பச்சை, கீழே மார்பை நோக்கி ஊதாவும் மெஜந்தாவும். இரண்டும் சந்திக்கிற இடத்தில் கலக்காதீர்கள், இடையில் அடியில் உள்ள கருமை கோடாகத் தெரியட்டும். ஒளி நேரே விழும் ஐந்தாறு இறகின் நுனியில் மட்டும் வெளிர் பச்சையும் வெளிர் இளஞ்சிவப்பும் அழுத்தி வையுங்கள். எல்லா இறகும் மின்னினால் அது ஜிகினாத்தாள். பளபளப்பு தெரிவது பக்கத்தில் இருக்கும் இருட்டால்தான்.

கண் பொத்தானாவதற்கு முதல் காரணம் அளவு. ஏ4 தாளில் முழுப் புறாவை வரைந்தால் கண்ணுக்குக் கிடைப்பது கடுகளவு இடம். பேஸ்டல் முனை அதற்குள் என்ன செய்யும்? தலையும் கழுத்தும் மட்டும் போதும். கண் கிட்டத்தட்ட ஒரு ரூபாய் நாணயம் அளவுக்கு வரும்படி வரையுங்கள். நடுவிலுள்ள கருப்புக் கண் பாப்பாவை ஒட்டி மஞ்சள் கலந்த ஆரஞ்சு, வெளியே போகப் போகச் சிவப்பு. இமை நிழல் விழுவதால் மேல் பாதி இருட்டு, கீழ்ப் பாதி வெளிச்சம். இந்த ஒரு வித்தியாசத்தில்தான் கண் உருண்டையாகும். வெள்ளைப் புள்ளியை நடுவில் குத்தாதீர்கள். பாப்பாவின் விளிம்பில், சற்று மேலே, துளி நீலம் கலந்து வையுங்கள். அது வானத்தின் பிம்பம். குஞ்சுப் புறாவின் கண் மங்கலான பழுப்பாக இருக்கும், அதில் ஆரஞ்சைத் தேடாதீர்கள்.

அலகின் மேலுள்ள வெள்ளைச் சதையைச் சுத்த வெள்ளையில் தொடங்க வேண்டாம். வெளிர் சாம்பலில் தொடங்கி, மேல் மேட்டில் மட்டும் வெள்ளை.

போட்டோவை மொட்டை மாடியில் உச்சி வெயிலில் எடுக்காதீர்கள். காலையில், நிழலில், புறாவின் கண் மட்டத்துக்குக் குனிந்து, கொஞ்சம் தள்ளி நின்று ஜூம் செய்து எடுங்கள். போனைக் கிட்டே கொண்டுபோனால் அலகு பெருத்துவிடும். அவுட்லைனுக்கு சாதாரண பென்சில் வேண்டாம், அதன் வழுக்கலில் பேஸ்டல் ஒட்டாது. வெளிர் சாம்பல் பேஸ்டலிலேயே போடுங்கள். ஷார்ப்னரில் முனை உடைந்துகொண்டே இருந்தால் பிளேடால் மரத்தைச் சீவி, உப்புத்தாளில் முனையைத் தீட்டுங்கள்.

நம் பக்கம் கடல் காற்று, உள்ளங்கை எப்போதும் ஈரம். கைக்கு அடியில் ஒரு பட்டர் பேப்பர் கட்டாயம். பொடியை வாயால் ஊதாதீர்கள், எச்சில் பட்ட இடம் புள்ளியாக நிற்கும்; போர்டைச் சாய்த்துப் பின்னால் தட்டுங்கள். பொடி உதிராமல் இருக்க அடிக்கும் ஃபிக்ஸட்டிவ் ஸ்ப்ரேயை அடித்தால் வெள்ளை மங்கும், நான் அடிப்பதில்லை. ஃபிரேம் போடும்போது கண்ணாடி படத்தைத் தொடாமல் இருக்க, படத்தைச் சுற்றி மவுண்ட் போர்டு என்கிற தடித்த அட்டை வைக்கச் சொல்லுங்கள். கண்ணாடிக்குப் பதில் அக்ரிலிக் போடலாம் என்று கடைக்காரர் சொன்னால் வேண்டாம் என்றுவிடுங்கள். துடைக்கும்போது அது பொடியைத் தன் பக்கம் இழுத்துக்கொள்ளும்.