ஹெச்ஓஏ இருக்கும் இடத்தில் வீடு வாங்கலாமா? புல் காய்ந்தால்கூட நோட்டீஸ் வருமாமே?

கேட்டவர் டெக்சாஸ் பக்கம் முதல் வீடு பார்த்துக்கொண்டிருக்கிறார் என்று எடுத்துக்கொண்டு எழுதுகிறேன். பார்க்கிற வீடெல்லாம் ஹெச்ஓஏவில் இருக்கிறது, வாசல் புல் காய்ந்தால்கூட நோட்டீஸ் அனுப்புவார்களாமே, வாங்கலாமா என்று கேட்டிருக்கிறார். அனுப்புவார்கள். எனக்கு வந்தது. வாங்கலாம் என்றுதான் நானும் சொல்வேன், ஆனால் முதலில் எங்கள் வீட்டில் நடந்ததைப் படித்துவிடுங்கள்.

ஹெச்ஓஏ என்றால் வீட்டு உரிமையாளர் சங்கம். நம் ஊர் அபார்ட்மெண்ட் அசோசியேஷன் மாதிரி என்று நினைத்தால் பாதிதான் சரி. இங்கே வீடும் மனையும் தனி, பத்திரமும் உங்கள் பெயரில்தான். ஆனால் பில்டர் மனை பிரிக்கும்போதே எழுதிப் பதிவுசெய்த கட்டுப்பாடுகள் அந்த நிலத்தோடு சேர்ந்தே வரும். புல் எவ்வளவு உயரம் வளரலாம், முன்னால் எத்தனை மரம் இருக்க வேண்டும், வேலிக்கு என்ன நிறம் என்பதெல்லாம் அதில் இருக்கும். அமெரிக்காவில் 7 கோடிப் பேருக்கு மேல் இப்படிப்பட்ட சங்கங்களுக்குள் வாழ்கிறார்கள். சங்கத்தை நடத்தும் போர்டில் இருப்பது நம்மைப் போன்ற வீட்டுக்காரர்கள். நோட்டீஸ் அனுப்புவது பெரும்பாலும் அவர்கள் அமர்த்திய நிர்வாகக் கம்பெனி. அந்தக் கம்பெனி ஆள் காரில் மெதுவாக வந்து, இறங்காமலே போட்டோ எடுத்துக்கொண்டு போவார்.

எங்கள் வீடு டல்லாஸுக்கு வடக்கே இருக்கிறது. 2019-இல் வாங்கினோம். 2022 ஏப்ரல் கடைசியில் அப்பா ஆறு மாதம் தங்க வந்தார். அப்பாவுக்குக் கோவில்பட்டிப் பக்கம், கரிசல் விவசாயி. வந்த மறுநாளே கொல்லைப் பக்கம் குனிந்து ஒரு கட்டி மண்ணை எடுத்து நசுக்கிப் பார்த்துவிட்டு, "இது நம்ம கரிசலுல்ல தாயி" என்றார். நிஜமாகவே அதே வகை மண்தான். நனைந்தால் உப்பும், காய்ந்தால் சுருங்கிப் பாளம் பாளமாக வெடிக்கும். கோடையில் மண் சுருங்கி வீட்டின் அஸ்திவாரம் ஆடிவிடக் கூடாதென்று இங்கே பலர் சுவரைச் சுற்றிக் கசிவுக்குழாய் போட்டுத் தண்ணீர் விடுவார்கள். வீட்டுக்குத் தண்ணீர் ஊற்றுவதை அப்பா அன்றுதான் முதன்முதலாகப் பார்த்தார்.

முன்னால் இருந்த புல்லைப் பார்த்தபோது இன்னும் ஆச்சரியப்பட்டார். இங்கே பெர்முடா புல் என்று விலை கொடுத்துப் பதிப்பது நம்ம ஊர் அருகம்புல்தான். வேறெதுவும் இல்லை, அதே செடி. அப்பா அறுபது வருடமாகக் கொத்திக் கொத்திக் காட்டை விட்டு விரட்டிய களையை, இங்கே காயவிட்டால் அபராதம் என்று நான் சொல்ல வேண்டியிருந்தது.

வீட்டுப் பக்கவாட்டில் வேலியை ஒட்டி இருந்த கொஞ்சம் இடத்தில் அப்பா புடலை போட்டார். மூங்கில் குச்சியும் சணல் கயிறும் வைத்துப் பந்தல் கட்டினார். அது வேலியைவிட இரண்டு அடி உயரம். ஜூன் தொடக்கத்திலிருந்து மழை நின்றுபோனது. டல்லாஸ் விமான நிலைய மழைமானியில் தொடர்ந்து 67 நாள் அளக்கும்படி ஒரு சொட்டு விழவில்லை. எங்கள் ஊரில் வாரத்துக்கு இரண்டு நாள்தான் ஸ்பிரிங்க்ளர் போடலாம், அதுவும் பகலில் கூடாது. தெரு முழுக்கப் புல் பழுத்துவிட்டது. அப்பா மட்டும் அரிசி களைந்த தண்ணீர், காய் கழுவிய தண்ணீர் என்று பிடித்து வைத்துப் புடலைக்கு ஊற்றினார். ஜூலையில் பிஞ்சு விட்டது. வளையாமல் நீளட்டும் என்று ஒவ்வொரு பிஞ்சின் நுனியிலும் சின்னக் கல்லைக் கட்டித் தொங்கவிட்டார்.

வாசல் புல் காய்ந்ததற்கும் பந்தல் உயரத்துக்கும் சேர்த்து, முதலில் சாதாரணத் தபாலில் ஒரு நினைவூட்டல் வந்திருக்கிறது. விளம்பரக் காகிதங்களோடு அதையும் கவனிக்காமல் விட்டுவிட்டோம். அது எங்கள் தப்பு, மறைக்கவில்லை. ஆகஸ்ட் முதல் வாரத்தில் சர்டிஃபைட் மெயிலில் அடுத்தது வந்தது. நானும் கணவரும் ஆபீஸில் இருந்தோம். தபால்காரர் நீட்டிய இடத்தில் அப்பாதான் கையெழுத்துப் போட்டார். ஆங்கிலம் எழுத்துக்கூட்டிப் படிப்பார். "வயலேஷன்", "ஃபைன்", "லீகல்" என்ற சொற்கள் அவருக்குப் புரிந்திருக்கின்றன. கோர்ட் சம்மன் என்று நினைத்துவிட்டார்.

நான் ஆறு மணிக்கு வந்தபோது பந்தல் இல்லை. கொடியை வேரோடு இழுத்துச் சுருட்டிக் கருப்புப் பையில் கட்டி வைத்திருந்தார். பிஞ்சுகளைத் தனியாக ஒரு தட்டில் வைத்திருந்தார், கல் கட்டியபடியே. "ஏம்ப்பா, நான் வர்ற வரைக்கும் இருந்திருக்கலாம்ல" என்றேன். "என்னால வீட்டப் பிடுங்கிருவாங்களோன்னு பயந்துட்டேன் தாயி" என்றார். அன்று ராத்திரி அவர் சாப்பிடவில்லை.

அவருக்கு அன்று நான் சொல்லத் தெரியாமல் நின்றதை இப்போது உங்களுக்குச் சொல்கிறேன். டெக்சாஸ் சட்டப்படி சந்தா பாக்கிக்காகச் சங்கம் வீட்டின் மேல் நடவடிக்கை எடுக்கலாம். ஆனால் பாக்கி முழுக்க அபராதமாக மட்டும் இருந்தால் அதற்காக வீட்டை ஜப்தி செய்ய முடியாது. புல்லுக்காக வீடு போகாது. திருத்திக்கொள்ளக்கூடிய குற்றம் என்றால் அபராதத்துக்கு முன் அவகாசம் தர வேண்டும். நோட்டீஸ் தபாலில் சேர்த்த 30 நாளுக்குள் நீங்கள் எழுத்தில் கேட்டால் போர்டு முன்னால் ஹியரிங், அதாவது நேர் விசாரணை, உண்டு. 2021-இல் வந்த திருத்தத்தின்படி, ஹியரிங்குக்கு 10 நாள் முன்பே தங்கள் கையில் உள்ள போட்டோ, ஆவணங்களை உங்களுக்கு அனுப்பிவைக்க வேண்டும். நான் வக்கீல் இல்லை. இது என் மாநிலத்துக்கு மட்டும்தான், மற்ற மாநிலங்களில் சட்டம் வேறு. ஆனால் இதையெல்லாம் அன்றைக்கு ராத்திரி ஒரு மணி வரை உட்கார்ந்து நானே படித்தேன். அதனால் தைரியமாகச் சொல்கிறேன்.

ஹியரிங் கேட்டேன். அவர்கள் அனுப்பிய ஆவணங்களில் இருந்த போட்டோதான் இன்றும் என்னை உறுத்துகிறது. தெருவிலிருந்து எடுத்தது. பந்தல் தெரிகிறது, பந்தலுக்குக் கீழே அப்பாவின் முதுகு தெரிகிறது. குனிந்து கல் கட்டிக்கொண்டிருக்கிறார். அதை எடுத்தவர் கார் கண்ணாடியை இறக்கி, "ஐயா, இது இவ்வளவு உயரம் இருக்கக்கூடாது, இரண்டு அடி குறைத்துவிடுங்கள்" என்று சொல்லியிருக்கலாம். அப்பாவுக்கு மொழி புரியாவிட்டாலும் கையைக் காட்டினால் புரிந்திருக்கும். அடுத்த நிமிடமே குறைத்திருப்பார்.

"விதி தெரிந்துதானே கையெழுத்துப் போட்டாய்" என்று சிலர் எழுதுவீர்கள். போட்டேன், ஒத்துக்கொள்கிறேன். நான் ஹெச்ஓஏவுக்கு எதிரியும் இல்லை. நீச்சல்குளமும் பூங்காவும் சுத்தமாக இருக்கின்றன, என் பிள்ளைகள் அங்கேதான் வளர்கிறார்கள். ஒரு வீட்டை அப்படியே பாழாக விட்டால் பக்கத்து வீட்டின் விலையும் விழும் என்பதும் தெரியும்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். அப்பா அம்மாவை வேலை வாங்கத்தான் அமெரிக்காவுக்குக் கூட்டி வருகிறார்கள் என்று நம் ஆட்களே பேசுகிறார்கள். எங்கள் வாட்ஸப் குழுவில் என்னையும் அப்படி ஒருத்தர் சொன்னார். எங்கள் ஊரில் பஸ் கிடையாது. கார் ஓட்டத் தெரியாத ஒரு பெரியவர் காலையிலிருந்து ராத்திரி வரை எங்கே போவார்? டீக்கடை இல்லை, நடந்துபோகிற தூரத்தில் கோயில் இல்லை. மண்ணைத் தொட்டால்தான் அவருக்குப் பொழுது போகும். தோட்டம் போடச் சொல்லி நான் கேட்கவில்லை. போடாதீர்கள் என்று தடுக்க எனக்கு மனம் வரவில்லை. அவ்வளவுதான்.

புல்லுக்கு வருகிறேன். ஹியரிங்குக்கு என்ன பேசுவது என்று நான் தாள் தாளாக எழுதிக்கொண்டிருந்தபோது அப்பா வெளியே கூட்டிப்போய், காய்ந்த புல்லை ஒரு பிடி கிள்ளி, கீழே மண்ணுக்குள் வெள்ளையாக இருந்த வேர்த்தண்டைக் காட்டினார். "சாகல தாயி, உறங்குது. அருகு அவ்வளவு லேசுல சாகாது. ஒரு மழை பெய்யட்டும்" என்றார். ஆகஸ்ட் 21 ராத்திரி தொடங்கி மறுநாள் வரை டல்லாஸ் பகுதியில் வெள்ளமே வரும் அளவுக்குக் கொட்டியது. இரண்டு வாரத்தில் எங்கள் வாசல் பச்சை.

செப்டம்பரில் ஹியரிங். மூன்று பேர் இருந்தார்கள். ஊர் நிர்வாகத்தின் தண்ணீர் அட்டவணையையும், அப்பா காட்டிய வேர்த்தண்டின் போட்டோவையும், மழைக்குப் பிந்தைய போட்டோவையும் வைத்தேன். அதில் ஒருவர் தன் வாசலும் அப்படித்தான் காய்ந்தது என்றார். புல் நோட்டீஸை எடுத்துவிட்டார்கள். பந்தல், வேலி உயரத்துக்குள் இருந்தால் விண்ணப்பம் கொடுத்து வைத்துக்கொள்ளலாம் என்றார்கள். இதைக் கேட்க எனக்கு 20 நிமிடம்கூட ஆகவில்லை. ஆனால் கொடி குப்பைக்குப் போய் ஒரு மாதம் ஆகியிருந்தது.

இப்போது சட்டம் கொஞ்சம் நம் பக்கம் வந்திருக்கிறது. தண்ணீர்க் கட்டுப்பாடு இருக்கும்போதும், அது நீங்கிய பிறகு 60 நாள் வரையிலும், காய்ந்த புல்லுக்காகச் சங்கம் அபராதம் போடக்கூடாது என்று டெக்சாஸில் 2025-இல் சட்டம் வந்தது. கலிஃபோர்னியாவில் 2014 வறட்சியின்போதே அப்படி ஒன்று வந்துவிட்டது. வறட்சி தாங்கும் செடிகள் வைப்பதையும் டெக்சாஸில் சங்கம் ஒரேயடியாகத் தடுக்க முடியாது. வரைபடம் கேட்கலாம், தோற்றம் பொருந்துகிறதா என்று பார்க்கலாம். 2023-இல் நான் முன்பக்கம் பாதிப் புல்லை எடுத்துவிட்டு லாண்டானா, டெக்சாஸ் சேஜ், ரெட் யுக்கா வைக்க எழுதிக் கொடுத்தேன். சரளைக்கல் அதிகம் என்று ஒரு முறை திருப்பி அனுப்பினார்கள். குறைத்துக் கொடுத்தேன், ஒத்துக்கொண்டார்கள். ஆனால் காய்கறித் தோட்டத்துக்கு இந்தப் பாதுகாப்பு கிடையாது. அது முழுக்க உங்கள் சங்கத்தின் விதியைப் பொறுத்தது.

ஆகவே வீட்டுக்கு விலை பேசும் முன்பே விதிப் புத்தகத்தைக் கேட்டு வாங்குங்கள். க்ளோஸிங் அன்று, அதாவது கிரயம் முடிக்கும் நாளில், தருவதை யாரும் படிப்பதில்லை. "தெருவிலிருந்து தெரியும்படி" என்ற சொற்றொடர் எங்கெல்லாம் வருகிறது என்று பாருங்கள், பாதிப் பிரச்சினை அதில்தான். அபராதப் பட்டியலையும் கேளுங்கள், டெக்சாஸில் 2024 முதல் அதை எழுதி வைத்தாக வேண்டும். வீட்டில் பெரியவர்கள் தங்குவார்கள் என்றால் இப்படிக் கடிதம் வரலாம், பயப்பட ஒன்றுமில்லை என்று முன்கூட்டியே சொல்லி வையுங்கள். நான் சொல்லவில்லை.

அப்பா 2024-இல் மறுபடி வந்தார். விதைப் பொட்டலம் பெட்டியில் இருந்தது, ஆனால் எடுக்கவில்லை. "லெட்டர் வாங்கிட்டியா?" என்று கேட்டார். அனுமதிக் கடிதத்தை அச்செடுத்துக் கொடுத்த பிறகுதான் குச்சி ஊன்றினார். அந்தத் தாளை மடித்துச் சட்டைப்பையிலேயே வைத்திருந்தார், யாராவது காரை நிறுத்திக் கேட்டால் காட்ட.

நீங்களும் பந்தல் போடுவதாக இருந்தால் விண்ணப்பத்தை ஜனவரியிலேயே கொடுத்துவிடுங்கள். விண்ணப்பத்தைப் பார்க்கும் எங்கள் சங்கக் குழு ஒரு மாதம் எடுத்துக்கொள்கிறது, திருப்பி அனுப்பினால் இன்னொரு மாதம். புடலை விதை ஏப்ரலில் மண்ணுக்குள் இருக்க வேண்டும்.