ஊரில் சனல் போட்டதுபோல் இங்கே ஏன் முடியாது? ஒன்ராறியோ வைத்தியமும் தனியார்மயச் சண்டையும்

தம்பி, யாழ்ப்பாணத்தில் இருந்து நிரந்தர வதிவிடத்தோடு ஸ்காபரோவுக்கு வந்து நான்கு மாதம் என்கிறீர்கள். ஓஹிப் (ஒன்ராறியோ மாகாணத்தின் பொது மருத்துவக் காப்புறுதி) அட்டை கையில் இருக்கிறது, குடும்ப வைத்தியர் இல்லை. முழங்கால் நோவுக்கு, பதிவில்லாமல் போய்க் காட்டும் வோக்-இன் கிளினிக்கில் ஸ்பெஷலிஸ்டுக்கு எழுதிய ரெஃபரலுக்கு இன்னும் அழைப்பு வரவில்லை. ஊரில் என்றால் பின்னேரம் சனல் போட்டு, அதாவது தனியார் நிலையத்தில் காசு கட்டி இலக்கம் எடுத்து, ஸ்பெஷலிஸ்டைப் பார்த்திருக்கலாம், இங்கே காசு கொடுக்கிறேன் என்றாலும் ஏன் முடியவில்லை என்று கேட்கிறீர்கள். அதே மூச்சில், செய்தியில் எல்லாம் தனியாராகப் போகிறது என்கிறார்களே, அட்டை செல்லாமல் போய்விடுமா என்றும் கேட்கிறீர்கள்.

அட்டை செல்லும். அந்தப் பயம் வேண்டாம். சண்டை நடப்பது வேறு இடத்தில்.

கனடாவில் அரசாங்கத்திடம் இருப்பது பணப்பை. வைத்தியத்தைச் செய்கிற ஆட்களில் பெரும்பாலானோர் அரசாங்க ஊழியர் அல்ல. உங்களைப் பார்த்த வோக்-இன் ஒரு தனியார் கடைதான். வாடகை, வரவேற்பாளர் சம்பளம் எல்லாம் வைத்தியருடைய செலவு. அவர் உங்களைப் பார்த்ததற்கான பில்லை மாகாணத்துக்கு அனுப்புகிறார். இது இப்படி அமைந்ததற்கு 1962 காரணம். அந்த வருடம் ஜூலை 1ஆம் திகதி சஸ்கச்சுவான் மாகாணம் எல்லோருக்கும் பொதுக் காப்புறுதியைத் தொடங்கியது. டொமி டக்ளஸ் விதைத்த திட்டத்தை நடைமுறைக்குக் கொண்டுவந்தவர் அவருக்குப் பின் முதல்வரான வூட்ரோ லொயிட். அன்றே வைத்தியர்கள் வேலைநிறுத்தத்தில் இறங்கினார்கள். 23 நாள் நீடித்தது. பிரித்தானியாவில் இருந்து வந்த டெய்லர் பிரபு நடுவில் நின்று பேசி முடித்த உடன்பாட்டின் சாரம் இதுதான்: பணம் அரசாங்கம் கொடுக்கும், வைத்தியர் தனித்தொழிலராகவே இருப்பார். இன்றுவரை நாடு முழுக்க அந்த அச்சுத்தான். ஆகவே தனியார் நுழைகிறார்கள் என்று யாராவது கூச்சலிட்டால், அவர்கள் அறுபது வருடமாக உள்ளேதான் இருக்கிறார்கள் என்பதை நினைவில் வையுங்கள். கேட்க வேண்டியது, நோயாளியின் சட்டைப்பையில் கை வைக்கிறார்களா என்பதைத்தான்.

அதைத் தடுப்பது 1984ஆம் ஆண்டின் கனடா சுகாதாரச் சட்டம். காப்புறுதிக்குள் வரும் சேவைக்கு நோயாளியிடம் மேலதிகக் காசு வாங்க ஒரு மாகாணம் இடம் கொடுத்தால், வாங்கிய அளவு தொகையை மத்திய அரசு தன் மானியத்தில் வெட்டும். வெறும் மிரட்டல் அல்ல: 2023இல் ஸ்கான் போன்ற சேவைகளுக்கு நோயாளிகளிடம் கட்டணம் வாங்கியதற்காக மாகாணங்களின் மானியத்தில் எட்டுக் கோடி டொலருக்கு மேல் வெட்டினார்கள். ஒன்ராறியோவில் 1986இல் டேவிட் பீட்டர்சன் அரசு இந்த மேலதிகக் கட்டணத்தைத் தடை செய்தபோது இங்கும் வைத்தியர்கள் 25 நாள் வேலைநிறுத்தம் செய்து தோற்றார்கள். பிறகு 2004இல் வந்த மாகாணச் சட்டம், ஒரு வைத்தியர் பொதுத்திட்டத்தை விட்டு வெளியேறித் தன் விலைக்குப் பார்க்கும் வாசலையும் புதிதாக வருவோருக்கு மூடிவிட்டது. நீங்கள் காசை நீட்டினாலும் ஸ்பெஷலிஸ்டின் கந்தோர் வாங்காததற்குக் காரணம் நல்ல மனசு மட்டும் அல்ல, சட்டம்.

சனல் முறை என்ன செய்யும் என்பது இங்கே பிறந்தவர்களைவிட எங்களுக்கு நன்றாகத் தெரியும். காலையில் அரசாங்க ஆஸ்பத்திரி கிளினிக்கில் நூறு பேரைப் பார்க்கும் அதே கொன்சல்டன்ட், பின்னேரம் தனியார் நிலையத்தில் இலக்கம் போட்டுப் பார்க்கிறார். காசு உள்ளவருக்கு வேகம் கிடைக்கிறது, வைத்தியருடைய ஒரு நாளின் மணித்தியாலங்கள் கூடுவதில்லை. ஆல்பர்ட்டா மாகாணம் 2025இன் இறுதியில் நிறைவேற்றிய சட்டம் ஏறக்குறைய இதைத்தான் அனுமதிக்கிறது: ஒரே வைத்தியர் பொதுவிலும் தனியாரிலும் வேலை செய்யலாம். ஆதரிப்பவர்கள், சும்மா கிடக்கும் ஒபரேஷன் தியேட்டர் நேரம் பயன்படும், வைத்தியர்கள் அமெரிக்காவுக்கு ஓடமாட்டார்கள் என்கிறார்கள். எதிர்ப்பவர்கள், மயக்க வைத்தியரும் தாதியும் எங்கிருந்து வருவார்கள் என்று கேட்கிறார்கள். இரண்டாவது கேள்விக்குத் திருப்தியான பதிலை இன்னும் யாரும் சொல்லவில்லை என்பது என் கணிப்பு. பிரிட்டிஷ் கொலம்பியாவில் ஒரு தனியார் அறுவைநிலையம் இந்த உரிமையை நீதிமன்றத்தில் கேட்டு, 2020இலும் 2022 மேன்முறையீட்டிலும் தோற்றது. 2023இல் உச்ச நீதிமன்றம் வழக்கை எடுக்கவே மறுத்தது. கியூபெக்கில் மட்டும் 2005இல் நான்குக்கு மூன்று என்ற உச்ச நீதிமன்றத் தீர்ப்பில் தனியார் காப்புறுதிக்கு ஒரு சிறிய கதவு திறந்தது.

ஒன்ராறியோவில் நடப்பது ஆல்பர்ட்டாவில் நடப்பது அல்ல. இரண்டையும் போட்டுக் குழப்பாதீர்கள். இங்கே 2023 மே மாதம் நிறைவேறிய 60ஆம் இலக்கச் சட்டமூலம், கண்புரை அறுவை, எம்ஆர்ஐ, சிடி, இடுப்பு முழங்கால் மூட்டு மாற்றம் போன்றவற்றை ஆஸ்பத்திரிக்கு வெளியே, இலாபத்துக்கு நடத்தும் நிலையங்களிலும் செய்ய வழி விட்டது. 2025இல் இன்னும் 57 நிலையங்களுக்குக் காசு ஒதுக்கினார்கள். கட்டணத்தை ஓஹிப்தான் செலுத்தும்; முதல்வர் டக் ஃபோர்ட் அட்டையைத் தூக்கிக் காட்டிச் சொல்வதும் அதைத்தான். அது பொய் அல்ல. ஆனால் ஒரு தனியார் அறுவைநிலையத்துக்கு அதே அறுவைக்குப் பொது ஆஸ்பத்திரியைவிட அதிக தொகை கொடுக்கப்பட்டதை 2023இல் ஊடகங்கள் ஆவணத்தோடு வெளியிட்டன. குறைந்த செலவு என்ற வாதத்தில் அங்கே ஓட்டை விழுந்தது.

இதைவிடப் பெரிய விஷயம் ஆள்பலம். 2019இல் இதே அரசு கொண்டுவந்த 124ஆம் இலக்கச் சட்டம் தாதிமார் உட்படப் பொதுத்துறையின் சம்பள உயர்வை மூன்று வருடத்துக்கு வருடம் 1 சதவீதமாகக் கட்டிப்போட்டது. கோவிட் நடுவில் வந்தது. தாதிமார் விலகினார்கள், பலர் ஆஸ்பத்திரிகளுக்கு ஆள் கொடுக்கும் தனியார் ஏஜென்சிக்கு மாறினார்கள், ஆஸ்பத்திரி அதே ஆட்களை ஏஜென்சி வழியாகப் பல மடங்கு விலைக்கு எடுத்தது. 2022 நவம்பரில் அந்தச் சட்டம் அரசியலமைப்புக்கு முரண் என்று தீர்ப்பு வந்தது, 2024 பெப்ரவரியில் மேன்முறையீட்டிலும் அரசு தோற்றது. கணக்காய்வாளர் நாயகத்தின் அறிக்கைப்படி 2022 ஜூலைக்கும் 2023 ஜூனுக்கும் இடையில் 23 ஆஸ்பத்திரிகளில் எமர்ஜென்சிப் பிரிவு 203 தடவை திடீரென மூடப்பட்டது. பெரும்பாலும் சிறு ஊர்களில், பெரும்பாலும் தாதி இல்லாததால். இந்தச் சண்டையில் எந்தக் கட்சி பேசினாலும், புதுக் கட்டடத்தைப் பற்றிச் சொல்கிறார்களா, அதற்குள் நிற்கப்போகும் ஆளைப் பற்றிச் சொல்கிறார்களா என்று கவனியுங்கள்.

இனி உங்கள் காசு எங்கே போகக்கூடும் என்பதற்கு வருவோம். கண்புரை அறுவை நல்ல உதாரணம், அப்பா அம்மா வந்த பிறகு கட்டாயம் சந்திப்பீர்கள். சாதாரண ஒற்றைக் குவிய வில்லை, அறுவை, வைத்தியர் கட்டணம் எல்லாம் ஓஹிப். கிளினிக் மேசையில் ஒரு தாளை நீட்டுவார்கள்: பல குவிய வில்லை, கூடுதல் அளவீட்டுப் பரிசோதனை, அவற்றை ஒன்றாகக் கட்டிய ஒரு பொதி. பக்கத்தில் ஆயிரக்கணக்கில் விலை. கையெழுத்துப் போடும் இடம் ஏற்கெனவே பேனாவால் வட்டமிடப்பட்டிருக்கும். அது சட்டவிரோதம் அல்ல, ஆனால் கட்டாயமும் அல்ல. "ஓஹிப் கொடுக்கும் வில்லை மட்டும் போதும், அதை எழுதித் தாருங்கள்" என்று சொல்லுங்கள். பொதியை வாங்கினால் திகதி முந்தி வரும் என்று யாராவது சொன்னால், அதுதான் சட்டவிரோதம். காப்புறுதிச் சேவையில் வரிசை தாண்டக் காசு வாங்குவது 2004ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். ரசீதோடு சுகாதார அமைச்சுக்கு முறையிடலாம், விசாரித்துப் பணத்தைத் திருப்பி வாங்கித் தருவார்கள்.

வைத்தியர் கந்தோரில் வருடத்துக்கு ஒரு தொகை என்று ஒரு திட்டம் இருக்கலாம். சுகவீனக் கடிதம், பாடசாலைப் படிவம் போன்ற ஓஹிப் கொடுக்காத சின்னச் சின்ன வேலைகளுக்கான மொத்தக் கட்டணம் அது. விரும்பினால் மட்டும், மறுத்தால் உங்களைப் பார்க்கமாட்டேன் என்று சொல்ல முடியாது. நேர்ஸ் பிரக்டிஷனர்கள் (நோயைக் கண்டறிந்து மருந்து எழுதக்கூடிய மேற்பயிற்சி பெற்ற தாதிமார்) வைத்து அங்கத்துவக் கட்டணம் வாங்கும் கிளினிக்குகள் சட்டத்தில் வைத்தியர் என்று மட்டும் இருந்த இடைவெளியில் முளைத்தவை. வைத்தியர் செய்யும் வேலையை வேறு தொழில்சார் ஆள் செய்தாலும் அதே விதிதான் என்று 2025 ஜனவரியில் மத்திய அரசு அறிவித்தது. 2026 ஏப்ரல் 1 முதல் நடைமுறை.

உங்கள் முழங்காலுக்கு வருவோம். இங்கே ரெஃபரல் பெரும்பாலும் இன்னும் தொலைநகலில்தான் போகிறது. பேப்பர் சிக்கும், இலக்கம் மாறும், உங்கள் பழைய போன் நம்பருக்கு அழைத்துவிட்டுக் கோப்பை மூடுவார்கள். இரண்டு கிழமை தாண்டினால் நீங்களே வோக்-இன்னுக்கு எடுத்து, எந்தத் திகதியில், எந்த இலக்கத்துக்கு அனுப்பினீர்கள், கிடைத்ததற்கு உறுதி உண்டா என்று கேளுங்கள். பிறகு ஸ்பெஷலிஸ்டின் கந்தோருக்கு எடுத்து, பெயர் பட்டியலில் இருக்கிறதா என்று பாருங்கள். அடுத்தது முக்கியம்: தேய்மானம் என்று சந்தேகித்தால் இடுப்பு முழங்காலுக்கென்றே விரைவு மதிப்பீட்டு கிளினிக்குகள் உண்டு; அதற்கு அனுப்பச் சொல்லுங்கள். அங்கே மேற்பயிற்சி பெற்ற பிசியோதெரபிஸ்ட் முதலில் பார்ப்பார். அறுவை தேவைப்படாதவர்கள் சத்திரசிகிச்சை வைத்தியருக்காகக் காத்திருந்து கடைசியில் "உடற்பயிற்சி செய்யுங்கள்" என்று கேட்டு வரும் வீண் அலைச்சல் இதனால் மிச்சம். தேவை என்றால், குறிப்பிட்ட வைத்தியர்தான் வேண்டும் என்று பிடிவாதம் பிடிக்காமல் முதலில் கிடைப்பவரைக் கேளுங்கள். மாதக்கணக்கில் வித்தியாசம் வரும். மூட்டு மாற்றத்தில் ஆக அவசரம் குறைந்த நான்காம் தரத்துக்கு மாகாணம் வைத்திருக்கும் இலக்கு 182 நாள், மூன்றாம் தரத்துக்கு 84 நாள். நோவு கூடி வேலைக்குப் போக முடியவில்லை என்றால் அதை வைத்தியரிடம் சொல்லிக் கோப்பில் எழுதவையுங்கள். எங்கள் ஆட்கள் "பரவாயில்லை டொக்டர்" என்று சொல்லி நான்காம் தரத்திலேயே கிடப்பார்கள்.

குடும்ப வைத்தியருக்கு ஹெல்த் கெயர் கனெக்ட் என்ற மாகாணப் பட்டியலில் இணையத்தில் பதியுங்கள், அல்லது 811க்கு எடுங்கள். அதோடு நிற்காமல் சமூக சுகாதார நிலையங்களையும், புதிதாகத் திறக்கும் குழுக் கிளினிக்குகளையும் நேரடியாகக் கேளுங்கள். முன்னாள் மத்திய சுகாதார அமைச்சர் ஜேன் ஃபில்பொட் தலைமையில், 2025 ஜனவரியில் 1.8 பில்லியன் டொலரோடு அறிவித்த திட்டம் ஒன்று ஓடுகிறது. 2029க்குள் எல்லோருக்கும் ஒருவர் என்பது வாக்குறுதி. வைத்தியர் கிடைத்தால் ஒரு பதிவுப் படிவம் தருவார்கள். அவசரம் தவிர முதலில் அவரிடமே வருவேன் என்பது அதில் உள்ள ஒப்புதல். கையெழுத்திட்ட பிறகும் வீட்டுக்குப் பக்கம் என்று வோக்-இன்னுக்கே ஓடாதீர்கள், சிலர் பட்டியலில் இருந்து எடுத்துவிடுவார்கள். கண் சிவப்பு, சிறுநீர்த் தொற்று போன்ற சிறு நோய்களுக்கு 2023 முதல் மருந்தாளரே மருந்து எழுதலாம். அட்டையைக் காட்டினால் போதும், ஆலோசனைக்குக் கட்டணம் இல்லை.

மருந்துக்கும் பல்லுக்கும் ஓஹிப் பொதுவாகக் கொடுக்காது. வேலையிடக் காப்புறுதி இல்லாவிட்டால், வருமானத்தில் சுமார் 4 சதவீதத்துக்கு மேல் மருந்துக்குப் போகும்போது மாகாணத்தின் ட்ரில்லியம் மருந்துத் திட்டம் கைகொடுக்கும். பல்லுக்கு மத்திய அரசின் திட்டம் இருக்கிறது: குடும்ப வருமானம் 90,000 டொலருக்குக் கீழ், தனியார் பல் காப்புறுதி இல்லை, வரி தாக்கல் செய்திருக்க வேண்டும். நீங்கள் இன்னும் வரி தாக்கல் செய்யவில்லை, அதனால் முதல் வருடம் தவறும். 2024 அக்டோபரில் நிறைவேறிய மத்திய மருந்துச் சட்டம் நீரிழிவு மருந்தை இலவசமாக்கும் என்று கேள்விப்பட்டிருப்பீர்கள். மாகாணம் கைச்சாத்திட்டால்தான் வரும். மனிடோபா, பிரிட்டிஷ் கொலம்பியா, பிரின்ஸ் எட்வேர்ட் தீவு, யூக்கோன் கைச்சாத்திட்டன. எங்கள் சமூகத்தில் நீரிழிவு இருக்கும் அளவுக்கு, தேர்தலில் வாசலுக்கு வரும் வேட்பாளரிடம் கேட்க வேண்டிய முதல் கேள்வி இது. வாக்குரிமை இல்லாவிட்டாலும் உங்கள் தொகுதி மாகாண உறுப்பினரின் அலுவலகத்துக்குப் போகலாம், அட்டைச் சிக்கல்களை அவர்கள் தீர்த்துத் தருவார்கள்.

பெற்றோரை, நீண்டகாலம் வந்து தங்க விடும் சூப்பர் விசாவில் எடுக்கும் யோசனை இருந்தால், அவர்களுக்கு ஓஹிப் இல்லை; குறைந்தது 100,000 டொலர் காப்பீடு கொண்ட ஒரு வருடத் தனியார் காப்புறுதி வேண்டும். ஏற்கெனவே உள்ள நோய் பற்றிய பந்தியை வரி விடாமல் வாசியுங்கள், இன்சுலின் அளவு மூன்று மாதத்துக்குள் மாறியிருந்தாலே சில கம்பனிகள் கைவிரிக்கும்.

கடைசியாக, ஊருக்குப் போய்ச் சனல் போட்டு முழங்காலைச் செய்துகொண்டு வரலாமா என்று கேட்டீர்கள். போகலாம், ஆனால் ஓஹிப் அதற்கு ஒரு சதமும் தராது. வெளிநாட்டில் திடீர் அவசரத்துக்கு மட்டும், அதுவும் படுக்கைக்கு நாளுக்கு அதிகபட்சம் 400 டொலர். வந்து குடியேறிய முதல் 183 நாளில் 153 நாள் மாகாணத்துக்குள் இருக்க வேண்டும் என்ற விதியும் உங்கள் தலைக்கு மேல் தொங்குகிறது. நான்கு மாதம்தான் ஆகிறது, அந்தக் கணக்கு முடியும் வரை டிக்கெட் போடாதீர்கள். அதன் பிறகும் ஒவ்வொரு 12 மாதத்திலும் 153 நாள் கட்டாயம். போவதென்றால் எக்ஸ்ரே, எம்ஆர்ஐ, அறுவைக் குறிப்பு, பொருத்திய மூட்டின் ஸ்டிக்கர் எல்லாவற்றையும் ஆங்கிலத்தில் வாங்கி வாருங்கள். அது இல்லாமல் வந்தால், தொற்று ஏற்பட்டு எமர்ஜென்சிக்குப் போகும் நாளில் உள்ளே என்ன இருக்கிறது என்று தெரியாமல் இங்குள்ள வைத்தியர் தொடத் தயங்குவார்.