கூட்டத்துக்கு ஆள் வராத பத்தாண்டுத் திட்டம்

சமுதாயக் கல்லூரியின் (உள்ளூர் மக்களுக்கான ஈராண்டுப் படிப்புக் கல்லூரி) பத்தாண்டுத் திட்டத்துக்குக் கருத்துக் கேட்கப் பொதுக்கூட்டம் போட்டோம், ஊழியர்கள் மட்டுமே வந்தார்கள் என்று எழுதியிருந்தீர்கள். இன்னொரு கூட்டம் வேண்டாம். அமெரிக்கச் சமுதாயக் கல்லூரிகளில் பெரும்பாலோர் பகுதிநேர மாணவர்கள். வேலை, குழந்தை என்று ஓடுகிறவர்கள் எப்படி வருவார்கள்? மாலை வகுப்புகளில் கடைசிப் பத்து நிமிடத்தைக் கேட்டு வாங்குங்கள். பாதியில் படிப்பை விட்டவர்களைத் தொலைபேசியில் கூப்பிடுங்கள். என்னைக் கேட்டால், அவர்கள் சொல்வதற்குத்தான் முதல் இடம். பாடத்தைவிடப் பேருந்து நேரமும் குழந்தைக் காப்பகமும் அவர்களைத் தடுத்திருக்கலாம்.

அப்புறம், கல்லூரி எப்படி இருக்க வேண்டும் என்று பொதுவாகக் கேட்காதீர்கள். செவிலியர் படிப்பில் இடம் கூட்டுவதா, வெல்டிங் பட்டறை கட்டுவதா என்று செலவையும் காட்டிக் கேளுங்கள். எந்தக் கருத்தை ஏற்றீர்கள், எதை ஏன் விட்டீர்கள் என்பது வரைவிலேயே இருக்கட்டும். கல்லூரியை நிர்வகிக்கும் அறங்காவலர் குழு வாக்களிக்கும் முன்பே அந்த வரைவு கருத்துச் சொன்னவர்கள் கைக்குப் போக வேண்டும்.