பாராசிட்டமால் முறிவு மருந்து மற்ற கல்லீரல் செயலிழப்புக்கும் உதவுமா?

உதவலாம், சீக்கிரம் கொடுத்தால். அசிட்டைல்சிஸ்டீன் என்ற இந்த மருந்து, பாராசிட்டமால் அளவு மீறியவர்களின் கல்லீரலில் தீர்ந்துபோகும் குளூட்டாதயோன் என்ற பாதுகாப்புப் பொருளை மறுபடி நிரப்புகிறது, அதில் சந்தேகமில்லை. வேறு காரணங்களால் திடீரென்று கல்லீரல் செயலிழந்த 173 பேரிடம் சோதித்து 2009-இல் வெளியான அமெரிக்க ஆய்வில், மூன்று வாரம் கழித்து உயிரோடு இருந்தவர்கள் மருந்து பெற்ற குழுவிலும் பெறாத குழுவிலும் கிட்டத்தட்ட சமம்தான். சரி, மருந்து தோற்றது என்று மூடிவைத்துவிட முடியாது. ஏனென்றால் குழப்பமாகவாவது பதில் சொல்கிற, கையை நீட்டச் சொன்னால் மணிக்கட்டு படபடக்கிற ஆரம்பக் கட்ட நோயாளிகளில், மருந்து பெற்று, கல்லீரல் மாற்று இல்லாமலே பிழைத்தவர்கள் 52 சதவீதம், வெறும் டெக்ஸ்ட்ரோஸ் என்ற சர்க்கரைக் கரைசல் ஏறியவர்களில் 30தான். ஆழ்ந்த மயக்கத்துக்குப் போனவர்களுக்கு இந்தப் பலன் தெரியவில்லை. அப்புறம், குழந்தைகளிடம் தனியாகச் சோதித்தபோதும் பலன் கிடைக்கவில்லை.