அதிகாலையில் எழுப்பிப் படிக்க வைத்தால் பாடம் நன்றாகப் பதியுமா?

செம்பூரில் வசிக்கும் நீங்கள், பதின்மூன்று வயது மகளை நாலரை மணிக்கே எழுப்பிப் படிக்க வைத்தும் மதிப்பெண் ஏறவில்லையே என்று கேட்டிருக்கிறீர்கள்.

விடியற்காலைப் படிப்பு மனத்தில் பதியும் என்று பெரியவர்கள் சொன்னது, எட்டரைக்கெல்லாம் விளக்கணைத்துப் படுத்த வீடுகளுக்குப் பொருந்தியது. அப்பா லோக்கல் ரயிலில் வந்து சேரவே ஒன்பதாகி, எல்லோரும் சாப்பிட்டு முடித்துப் பதினொன்றுக்குப் படுக்கும் மும்பை வீட்டில், அதே வழக்கம் பிள்ளைக்கு ஐந்தரை மணி நேரத் தூக்கத்தைத்தான் மிச்சம் வைக்கிறது. 13 முதல் 18 வயதினருக்கு 8 முதல் 10 மணி நேரம் தூக்கம் தேவை என்பது அமெரிக்கத் தூக்க மருத்துவக் கழகத்தின் பரிந்துரை.

பருவ வயதில், தூக்கத்தை வரவழைக்கும் மெலடோனின் என்ற ஹார்மோனின் சுரப்பு இரவில் பின்னுக்குத் தள்ளிப்போகிறது. ஆகவே, சீக்கிரம் படுக்கச் சொன்னாலும் தூக்கம் வராமல் புரள்வதைத் தயவுசெய்து அடம் என்று எண்ணாதீர்கள். படித்ததை மூளை நிலைப்படுத்துவது தூக்கத்தில்தான். கனவுத் தூக்கத்தின் பெரும்பகுதி பின்னிரவில் நிகழ்வதால், நாலரை மணிக்கு எழுப்பும்போது அதுவே முதலில் பறிபோகிறது. விரித்த புத்தகத்தில் ஒரே பத்தியைத் திரும்பத் திரும்ப வாசித்தபடி கண் சொருகும் பிள்ளை, உண்மையில் படிக்கவில்லை.

பிள்ளைகளுக்குத் தூக்கம் போதவில்லை என்பதைக் கருதியே மகாராஷ்டிர அரசும் 2024 பிப்ரவரியில், நான்காம் வகுப்பு வரையிலான வகுப்புகளை 9 மணிக்கு முன் தொடங்கக் கூடாது என்று உத்தரவிட்டது.

அப்பாவுக்காகக் காத்திராமல் மகளுக்கு மட்டும் எட்டு மணிக்குச் சாப்பாடு கொடுங்கள். பாடத்தை மாலையிலேயே முடிக்கச் செய்து, பள்ளி நேரம் இடம் கொடுக்கும் வரை காலையில் தூங்க விடுங்கள்.